சூரியன் எவ்வளவு கீழே போனால் இரவு? – வாசகர் கேள்வி பதில்

இரவின் நீளத்தையும் அந்தியின் நீளத்தையும் சூரியன் நிற்கும் கோணத்திலிருந்து கணக்கிடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். எண்களைப் பெரும்பாலும் 40° வட அட்சத்துக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம். உங்கள் அட்சத்தை அந்த இடத்தில் வைத்தால் கணக்கு உங்களுடையதாகிவிடும். சாதாரண அறிவியல் கால்குலேட்டர் ஒன்று போதும்.

கேள்வி: சூரியன் மறைந்தவுடன் இரவு தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா? அந்திக்கு 6°, 12°, 18° என்று மூன்று எல்லை சொல்கிறார்களே, எதைப் பிடிப்பது?

எதற்காகக் கணக்கிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரவு என்றால் சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் உதிப்பது வரை என்று கொண்டால், எல்லைக் கோணம் −0.833°. பூஜ்யம் அல்ல. சூரியனின் மேல்விளிம்பு அடிவானத்தில் மறையும் நொடியைத்தான் மறைவு என்கிறோம். அந்த நேரத்தில் அதன் மையம் 16 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) கீழே இருக்கும். அதோடு காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்தில் இருக்கும் எதையும் சுமார் 34 கலை தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து 50 கலை, அதாவது 0.833°.

அந்திக்கு வரும்போது எல்லைகள் வெளிச்சத்தின் பயனை ஒட்டி வகுக்கப்பட்டவை. சூரியன் 6° கீழே போகும்வரை சிவில் அந்தி. தெளிந்த வானமாக இருந்தால் விளக்கில்லாமல் வெளி வேலை செய்யலாம். அது முடியும்போது தரையில் ஏறக்குறைய 3 லக்ஸ் வெளிச்சமே மிஞ்சும். 12° வரை கடல்சார் அந்தி. கடலில் அடிவானக் கோடும் தெரியும், பிரகாசமான விண்மீன்களும் தெரியும். செக்ஸ்டன்ட் வைத்து விண்மீனின் உயரத்தை அளக்க இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதால்தான் மாலுமிகளுக்கு இந்த எல்லை முக்கியமானது. 18° வரை வானியல் அந்தி. அதற்கும் கீழே போய்விட்டால் சூரிய வெளிச்சம் வானத்தில் மிச்சமில்லை. மங்கலான விண்மீன்களையும் பார்க்கலாம்.

தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு 18°, வெளிவேலைக்கு 6°, வெறும் இரவு நீளத்துக்கு 0.833°. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்து வரும் சூத்திரம் மாறாது, அதில் போடும் ஒரே ஓர் எண்தான் மாறும்.

கேள்வி: அந்தச் சூத்திரத்தைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு முழுசாகப் போட்டுக் காட்டினால் நல்லது.

மூன்று கோணங்கள் வேண்டும். உங்கள் அட்சம் (அ): வடக்கு கூட்டல், தெற்கு கழித்தல். அன்றைய சூரியனின் நடுவரை விலக்கம் (வி), பஞ்சாங்கக்காரர்கள் கிராந்தி என்று சொல்வது: வான நடுவரையிலிருந்து (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோடு) சூரியன் எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்ற எண், +23.44°-க்கும் −23.44°-க்கும் இடையில் ஆண்டு முழுக்க ஆடும். மூன்றாவது, எல்லை உயரக் கோணம் (உ): −0.833, −6, −12, −18 இவற்றில் ஒன்று.

கொசைன்(ம) = [சைன்(உ) − சைன்(அ) × சைன்(வி)] ÷ [கொசைன்(அ) × கொசைன்(வி)]

இதில் ம என்பது மணிக்கோணம். சூரியன் நண்பகல் கோட்டைக் கடந்தபின் அந்த உயரத்துக்கு இறங்கிவர பூமி எத்தனை பாகை சுழல வேண்டும் என்பதுதான் அது. பூமி ஒரு மணிக்கு 15° சுழல்வதால் ம-வை 15ஆல் வகுத்தால் மணி கிடைக்கும். நண்பகலுக்கு முன்னும் பின்னும் சமமாக இருப்பதால் பகல் நீளம் 2 × ம ÷ 15. இரவு நீளம் 24-லிருந்து அதைக் கழித்தது.

2026 அக்டோபர் 15-ஐ எடுத்துக்கொள்வோம். விலக்கம் −8.62° (அதை எப்படி எடுத்தோம் என்பது அடுத்த பதிலில்). அட்சம் 40°.

முதலில், எல்லா எல்லைக்கும் பொதுவான இரண்டு பெருக்கல்களை ஒரு தடவை போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைன் 40 × சைன் −8.62 = −0.0964. கொசைன் 40 × கொசைன் −8.62 = 0.7574.

மறைவுக்கு: சைன் −0.833 = −0.0145. இதிலிருந்து −0.0964-ஐக் கழித்தால் +0.0818. கழித்தலில் கழித்தல் கூட்டலாகும். கையால் போடுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். 0.7574-ஆல் வகுத்தால் 0.1080. நேர்மாறு கொசைன் 83.80°. பகல் 2 × 83.80 ÷ 15 = 11.173 மணி, அதாவது 11 மணி 10 நிமிடம். இரவு 12 மணி 50 நிமிடம்.

18°-க்கு: சைன் −18 = −0.3090. அதே வழியில் −0.2127 ÷ 0.7574 = −0.2808. நேர்மாறு கொசைன் 106.31°. இதிலிருந்து மறைவின் 83.80-ஐக் கழித்தால் 22.51°. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 90 நிமிடம். அன்றைய மாலை அந்தியின் முழு நீளம் அதுதான். காலையிலும் அதே 90 நிமிடம். ஆகவே 12 மணி 50 நிமிட இரவில் உண்மையான காரிருள் 9 மணி 50 நிமிடம் மட்டுமே.

நடு எல்லைகளையும் போட்டால், 6° வரை 27 நிமிடம், 12° வரை 59 நிமிடம் என்று வரும். விடை சரியா என்று ஒரு பார்வையில் சோதிக்க இந்த வரிசை உதவும். 6, 12, 18 என்று போகும்போது நேரம் ஏறக்குறைய சம இடைவெளியில் கூட வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் துள்ளினால் ஏதோ குறி மாறியிருக்கிறது.

கேள்வி: நடுவரை விலக்கத்துக்கு நாள் எண்ணோடு 10 கூட்டும் எளிய சூத்திரத்தைப் பயன்படுத்துகிறேன். அக்டோபரில் பகல் நீளம் அச்சிட்ட அட்டவணையோடு 6 நிமிடம் ஒத்துப்போகவில்லை. ஜூனில் சரியாக வருகிறது. காரணம் என்ன?

பிழை சூத்திரத்தில்தான். −23.44 × கொசைன்[(360 ÷ 365) × (நாள் எண் + 10)] என்பது சூரியன் ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் நகர்வதாகக் கொள்கிறது. பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருந்து வேகமாகவும், ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் இருந்து மெதுவாகவும் போகிறது. அதனால் மார்ச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் சம இரவு நாள் வரை சுமார் 186 நாள், மீதிப் பாதிக்கு 179 நாள். எளிய சூத்திரம் இரண்டையும் சமமாகப் பங்கிடுவதால் மார்ச் சம இரவு நாள் 2 நாள் தாமதமாகவும், செப்டம்பருடையது 2 நாள் முன்னதாகவும் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் விலக்கம் ஒரு நாளைக்கு 0.4° ஓடுவதால் பிழை 0.9° வரை ஏறுகிறது. ஜூனிலும் டிசம்பரிலும் விலக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, ஆகவே அங்கே பிழை கண்ணில் படாது.

அக்டோபர் 15-க்கு எளிய சூத்திரம் −9.50° தரும். சரியான எண் −8.62°. இந்த 0.88° வித்தியாசம் 40° அட்சத்தில் பகல் நீளத்தை 6 நிமிடம் தள்ளும். 60° அட்சத்தில் 13 நிமிடம் தள்ளும். வகுப்பில் கருத்தை விளக்க எளிய சூத்திரம் போதும். நேரம் கணக்கிட அதைத் தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதைவிடச் சில வரிகளே நீளமான, 1950-லிருந்து 2050 வரை 0.01° அளவுக்குத் துல்லியமான வழி இருக்கும்போது ஏன் சிரமப்பட வேண்டும்?

2000 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நண்பகல் 12 மணியிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுங்கள். 2026 அக்டோபர் 15 நண்பகலுக்கு 9784.

முதல் கோணம் = 280.460 + 0.9856474 × நாள். 360-இன் மடங்குகளைக் கழித்தால் 204.034°.

இரண்டாம் கோணம் = 357.528 + 0.9856003 × நாள். கழித்தபின் 280.641°.

சூரியனின் நெடுக்கம் (வானத்தில் தன் ஆண்டுப் பாதையில் அது எத்தனையாவது பாகையில் இருக்கிறது என்பது) = முதல் கோணம் + 1.915 × சைன்(இரண்டாம் கோணம்) + 0.020 × சைன்(2 × இரண்டாம் கோணம்). இங்கே 202.145°. நீள்வட்டப் பாதையின் வேக மாற்றத்தைச் சரிக்கட்டுவது இந்த 1.915 உள்ள உறுப்புதான்.

அச்சின் சாய்வு = 23.439 − 0.0000004 × நாள் = 23.435°.

சைன்(விலக்கம்) = சைன்(சாய்வு) × சைன்(நெடுக்கம்) = −0.1499. நேர்மாறு சைன் −8.62°.

நாள் எண்ணிக்கையில் 2000 முதல் 2024 வரையுள்ள 7 நெட்டாண்டுகளையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் சம இரவு நாளை ஒட்டி 0.4° போய்விடும். ஓர் இரவின் நீளம் வேண்டுமென்றால் அந்த இரவின் நடுநேரத்து விலக்கத்தை எடுப்பது சரி. நண்பகல் விலக்கத்தையே போட்டால் அக்டோபரில் 40° அட்சத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் மாறும். நாள் எண்ணில் அரை நாளைக் கூட்டினால் வேலை முடிந்தது.

கேள்வி: 50° வட அட்சத்துக்கு ஜூன் 21 போட்டேன். 18° எல்லைக்குக் கால்குலேட்டர் பிழை என்று காட்டுகிறது.

அந்தப் பிழைச் செய்திதான் விடை. வகுத்து வந்த எண் −1.04 ஆக இருக்கும். கொசைன் −1-க்குக் கீழே போகாது. பொருள் இதுதான்: அன்று சூரியன் 18° ஆழத்துக்கு இறங்குவதே இல்லை, அந்தி இரவு முழுக்க நீடிக்கிறது. எண் −1-க்குக் கீழே போனால் சூரியன் அந்த எல்லைக்கு இறங்குவதில்லை. +1-க்கு மேலே போனால் அந்த எல்லைக்கு ஏறுவதில்லை. கணினி நிரல் எழுதுகிறவர்கள் நேர்மாறு கொசைன் எடுக்குமுன் இந்த இரண்டையும் சோதித்துத் தனித்தனிச் செய்தி தர வேண்டும். எண்ணை −1-க்கு வெட்டிவிட்டு 'காரிருள் 0 மணி' என்று காட்டுவது எண்ணளவில் சரி, ஆனால் பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது.

முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. வட அரைக்கோளத்தில் நள்ளிரவில் சூரியன் இருக்கும் ஆழம் 90 − அட்சம் − விலக்கம். 50° அட்சத்தில் ஜூன் 21 அன்று 90 − 50 − 23.44 = 16.56°. பதினெட்டைத் தொடவில்லை. விலக்கம் 22°-க்கு மேல் இருக்கும்வரை, அதாவது ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை இரண்டாம் வாரம் வரை, அங்கே காரிருள் கிடையாது. ஜூன் அயன நாளில் 48.6°-க்கு வடக்கே வானியல் அந்தியும், 54.6°-க்கு வடக்கே கடல்சார் அந்தியும், 60.6°-க்கு வடக்கே சிவில் அந்தியும் விடியும்வரை முடிவதில்லை. 65.7°-க்கு மேலே சூரியனே மறைவதில்லை.

துருவத்திலேயே சூத்திரம் உடைந்துவிடும், ஏனென்றால் கொசைன் 90 பூஜ்யம். அங்கே சூத்திரமும் தேவையில்லை. சூரியனின் உயரமும் விலக்கமும் ஒரே எண். வட துருவத்தில் விலக்கம் −18°-ஐத் தாண்டும் நவம்பர் 13 வாக்கில் காரிருள் தொடங்கி ஜனவரி 29 வாக்கில் முடிகிறது, சுமார் 11 வாரம்.

கேள்வி: அந்தி மிகக் குறுகியதாக இருப்பது எந்த நாளில்? குளிர்காலத்தில் பகல் குறுகுவதுபோல அந்தியும் குறுகும் என்று நினைத்தேன்.

குறுகாது. 40° அட்சத்தில் மறைவிலிருந்து 18° வரை போட்டுப் பார்த்தால் ஜூன் 21-இல் 2 மணி 3 நிமிடம், டிசம்பர் 21-இல் 1 மணி 38 நிமிடம், சம இரவு நாளில் 1 மணி 31 நிமிடம். டிசம்பர் அந்தி சம இரவு நாளின் அந்தியைவிட 7 நிமிடம் நீளம். ஆனால் மிகக் குறுகியது சம இரவு நாளிலும் அல்ல, அதற்குக் கொஞ்சம் குளிர்காலப் பக்கமாக, மார்ச் 5-ஐயும் அக்டோபர் 8-ஐயும் ஒட்டி வருகிறது. முந்தைய எடுத்துக்காட்டில் அக்டோபர் 15-க்கு 90 நிமிடம் வந்ததே, அதுவே அடிமட்டத்துக்கு மிக அருகில்.

காரணம் அழகானது. சூரியன் செங்குத்தாக இறங்கும் வேகம் ஒரு மணிக்கு 15° × கொசைன்(அட்சம்) × சைன்(திசைக்கோணம்), குறியை விட்டுவிடுங்கள். திசைக்கோணத்தை வடக்கிலிருந்து அளக்கிறோம். அது நேர் மேற்காக, அதாவது 270° ஆக இருக்கும்போது வேகம் உச்சம். சம இரவு நாளில் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. ஆனால் அடிவானத்துக்குக் கீழே போகப் போக வட அரைக்கோளத்தில் வடமேற்காகச் சரிந்து வேகம் குறைகிறது. அதிவேகத்தை அது அந்தியின் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறது. விலக்கம் −5.8° ஆக உள்ள நாளில் சற்றுத் தென்மேற்கில் மறைந்து, 9° ஆழத்தில் நேர் மேற்கைக் கடக்கிறது. அந்த 9° அந்திப் பட்டையின் சரிநடு. அதிவேகமான பகுதி நடுவில் விழுவதால் மொத்த நேரம் மிகக் குறைகிறது.

இந்த நாளைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் போர்ச்சுகல் கணிதவியலாளர் பெத்ரோ நூனெஸ் 1542-இலேயே தீர்த்துவிட்டார். நுண்கணிதம் பிறக்காத காலம். பிற்காலத்தில் பெர்னூலி சகோதரர்கள் நுண்கணிதத்தைக் கொண்டு இதே கணக்கோடு மல்லுக்கட்டினார்கள். விடை ஒரே வரி: சைன்(வி) = −சைன்(அ) × டேன் 9°. நடுவரையை நெருங்க நெருங்க இந்த நாள் சம இரவு நாளோடு ஒட்டிவிடும். 10° அட்சத்தில் விலக்கம் −1.6°-இலேயே வந்துவிடுகிறது, 60°-இல் −7.9° வரை தள்ளிப்போகிறது.

அதே வேகச் சூத்திரம் அவசரக் கணக்குக்கும் உதவும். சம இரவு நாளை ஒட்டி வேகத்தை 15 × கொசைன்(அட்சம்) என்றே கொள்ளலாம். 40°-இல் மணிக்கு 11.5°. சிவில் அந்திக்கு இறங்க வேண்டியது 6 − 0.833 = 5.17°. வகுத்தால் 27 நிமிடம், முழுச் சூத்திரமும் 27 நிமிடமே தரும். 60°-இல் போட்டால் 41 நிமிடம், உண்மை சுமார் 42. ஆனால் 60°-இல் 18° வரை போகும்போது இந்தக் குறுக்குவழி 8 நிமிடத்துக்கு மேல் குறைத்துச் சொல்லும். அங்கே முழுச் சூத்திரம்தான் போட வேண்டும்.

கேள்வி: அட்டவணையோ இணையமோ இல்லாமல், சூரியனை நானே அளந்து அன்றைய இரவு நீளத்தைச் சொல்ல முடியுமா?

முடியும். நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்தால் விலக்கம் கிடைத்துவிடும். உங்களுக்குத் தெற்கே சூரியன் உச்சம் கொண்டால் விலக்கம் = அட்சம் + உயரம் − 90. வடக்கே உச்சம் கொண்டால் விலக்கம் = அட்சம் + 90 − உயரம். அயனரேகைகளுக்கு (கடக, மகர ரேகைகள்) இடையில் இருப்பவர்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

100 செ.மீ. உயரக் கோல் ஒன்றைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். தரை மட்டப்பலகையில் சரிபார்த்த சமதளமாக இருக்கட்டும். நண்பகல் என்று கடிகாரம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். முற்பகல் 11-லிருந்து 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியைக் குறித்து வாருங்கள், நிழல் குறைந்து நின்று மறுபடி நீளத் தொடங்கும்வரை. மிகக் குறுகிய நிழல்தான் வேண்டியது. 40° அட்சத்தில் அக்டோபர் 15 அன்று அது 113.5 செ.மீ. இருக்கும். டேன்(உயரம்) = 100 ÷ 113.5, உயரம் 41.4°. ஆக விலக்கம் 40 + 41.4 − 90 = −8.6°.

சிக்கல் நிழலின் விளிம்பில் இருக்கிறது. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான தட்டு. ஆகவே நிழல் நுனி கூராக முடியாது. இந்த எடுத்துக்காட்டில் சுமார் 2 செ.மீ. நீளத்துக்குக் கருமையிலிருந்து வெளிச்சமாக மெல்ல மங்கும். கருமை முடியும் இடத்தைக் குறித்தால் சூரியனின் மேல்விளிம்பை அளந்ததாகும். வெளிச்சம் முழுசாகத் தொடங்கும் இடத்தைக் குறித்தால் கீழ்விளிம்பு. மையம் இரண்டுக்கும் நடுவில். கண் மதிப்பில் இதைச் செய்வதைவிட நல்ல வழி, கோலின் உச்சியில் தகரத் துண்டு ஒன்றைப் பொருத்தி அதில் 3 மி.மீ. துளை போடுவது. தரையில் நிழலுக்குள் ஒரு சிறு நீள்வட்ட ஒளிப்பொட்டு விழும். அதுவே சூரியனின் படம். அதன் இரு முனைகளையும் குறித்து நடுவை அளந்தால் மையம் கிடைத்துவிடும். கோலின் உயரத்தைத் துளைவரை அளக்க மறக்காதீர்கள். கோலின் நுனிவரை அளந்து கணக்கைக் கெடுப்பது சாதாரணமாக நடக்கும்.

1 செ.மீ. தவறினால் உயரத்தில் 0.25° மாறும். இரவு நீளத்தில் அது 2 நிமிடத்துக்குள் அடங்கும். கோல் சாய்ந்திருந்தால் கதை வேறு. நிழல் விழும் திசையில் ஒரு பாகை சாய்ந்தாலும் நுனி 1.7 செ.மீ.-க்கு மேல் நகர்ந்துவிடும். நேரத்தைச் செலவிட வேண்டியது தூக்குக்குண்டில்தான்.

கேள்வி: நீளம் கிடைத்தது. கடிகாரத்தில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று எப்படிச் சொல்வது?

இரவின் நீளத்துக்குத் தீர்க்கரேகை வேண்டாம். கடிகார நேரத்துக்கு அதுவும் வேண்டும், நேரச் சமன்பாடும் (சூரியன் காட்டும் நேரம் கடிகாரத்தைவிட எத்தனை நிமிடம் முந்துகிறது என்ற எண்) வேண்டும். சூரியன் உச்சம் கொள்ளும் நேரம் = 12 மணி − நேரச் சமன்பாடு + 4 நிமிடம் × (உங்கள் நாட்டு நேரத்துக்கான தீர்க்கம் − உங்கள் தீர்க்கம்), கிழக்கு கூட்டலாக. அந்த நாட்டு நேரத் தீர்க்கத்துக்கு (திட்டத் தீர்க்கம்) 5° மேற்கே இருந்தால் எல்லாம் 20 நிமிடம் தாமதம்.

நேரச் சமன்பாட்டுக்கு மேலே போட்ட கணக்கையே நீட்டலாம். வல ஏற்றம் என்பது வான நடுவரை வழியே அளந்த சூரியனின் கோணம். டேன்(வல ஏற்றம்) = கொசைன்(சாய்வு) × டேன்(நெடுக்கம்). அக்டோபர் 15-க்குக் கால்குலேட்டர் 20.48° என்று காட்டும். ஆனால் நெடுக்கம் 202° என்பதால் வல ஏற்றமும் அதே கால்வட்டத்தில் இருக்க வேண்டும், 180 கூட்டி 200.48° ஆக்குங்கள். முதல் கோணம் 204.03-லிருந்து கழித்தால் 3.56°, நான்கால் பெருக்க 14.2 நிமிடம். விடை 17 நிமிடத்தைத் தாண்டினால் கால்வட்டம் தவறிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். ஆண்டு முழுக்க அந்த எண் −14-க்கும் +16-க்கும் சற்று மேலே கீழே மட்டுமே ஆடும்.

திட்டத் தீர்க்கத்திலேயே நிற்பவருக்கு அன்று உச்சம் முற்பகல் 11.46. மறைவு 5 மணி 35 நிமிடம் கழித்து மாலை 5.21. 18° எல்லை மாலை 6.51.

மிக நீண்ட இரவு டிசம்பர் 21 என்றாலும் மிகச் சீக்கிரமான மறைவு அன்று இல்லையே என்று கேட்டவருக்கும் இதுவே பதில். டிசம்பரில் உச்ச நேரம் நாளுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் தள்ளிப்போகிறது. அயன நாளை ஒட்டிப் பகல் நீளம் சில நொடிகளே மாறுவதால் அந்தத் தள்ளல் வென்றுவிடுகிறது. 40° வட அட்சத்தில் மிகச் சீக்கிரமான மறைவு டிசம்பர் 7, 8-இல். மிகத் தாமதமான உதயம் ஜனவரி 4, 5-இல்.

கேள்வி: எக்செல்லில் அதே சூத்திரத்தைப் போட்டேன். இரவு நீளம் 22 மணி என்கிறது.

எக்செல்லும் பைத்தானும் கோணத்தை ரேடியனில் கேட்கும். 40 என்று கொடுத்தால் 40 ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே போகும் ஒவ்வொரு கோணத்தையும் 180-ஆல் வகுத்து பை (π) என்ற எண்ணால் பெருக்குங்கள். வெளியே வரும் நேர்மாறு கொசைனை மறுபடி பாகையாக மாற்றிய பிறகே 15-ஆல் வகுக்க வேண்டும். கடைசி மாற்றத்தை மறப்பவர்களே அதிகம், அப்போது பகல் 10, 15 நிமிடமாகவே வரும். சோதனைக்கு அட்சம் 0, விலக்கம் 0 போடுங்கள். பகல் 12 மணி 6.7 நிமிடம் வந்தால் தாள் சரி.

கேள்வி: மலை உச்சியில் இருப்பவருக்கு இரவு குறையுமா? காற்றின் வெப்பநிலையால் கணக்கு மாறுமா?

சுற்றியுள்ள தாழ்நிலம் அல்லது கடல்வரை தடையின்றித் தெரிந்தால் குறையும். அடிவானம் தாழும் அளவு கலைகளில் 1.76 × உயரம் மீட்டரின் வர்க்கமூலம். 100 மீட்டருக்கு 17.6 கலை, அதாவது 0.29°. அதை 0.833-உடன் கூட்டி −1.13° என்று போடுங்கள். அந்தி எல்லைகளான 6, 12, 18-இல் இந்தத் திருத்தம் சேர்க்கக் கூடாது. அவை சூரிய மையத்தின் வடிவியல் ஆழத்தைக் குறிப்பவை, உங்கள் அடிவானத்தை அல்ல.

ஒளிவிலகலுக்கான 34 கலை சராசரி எண் மட்டுமே. குளிர்ந்த, அடர்ந்த காற்றில் கூடும். அதனால் மறைவு நேரத்தை நொடிக் கணக்கில் எழுதுவதில் பொருளில்லை, நிமிடத்தோடு நிறுத்துவதே நேர்மை. துருவப் பகுதியில் தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று படிந்தால் விலகல் பல மடங்காகிவிடும். 1597 ஜனவரியில் நோவயா செம்லியா தீவில் குளிர்காலத்தைக் கழித்த டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்சின் குழுவினர், கணக்குப்படி வர வேண்டிய நாளுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே சூரியனைக் கண்டார்கள். அப்போது சூரியன் உண்மையில் அடிவானத்துக்கு வெகு கீழே இருந்தது.

கேள்வி: என் செயலி 10 நிமிடத்துக்கு ஒரு முறை சூரியனின் உயரக் கோணத்தை மட்டும் பட்டியலாகத் தருகிறது. அதிலிருந்து அந்தி முடியும் நேரத்தை எடுக்கலாமா?

தாராளமாக. எல்லை எந்த இரண்டு வரிகளுக்கு இடையில் விழுகிறது என்று பார்த்து விகிதம் போடுங்கள். நம் எடுத்துக்காட்டு நாளில் மாலை 6.50-க்கு −17.81°, 7.00-க்கு −19.72°. பத்து நிமிடத்தில் 1.91° இறங்குகிறது. இன்னும் இறங்க வேண்டியது 0.19°. ஆகவே 1 நிமிடம், 6.51. சூத்திரமும் அதையே சொன்னது.

இரண்டு எச்சரிக்கை. செயலி தருவது ஒளிவிலகல் சேர்த்த தோற்ற உயரமா, சேர்க்காத வடிவியல் உயரமா என்று அமைப்புகளில் பாருங்கள். வடிவியல் உயரமானால் மறைவை −0.833°-இல் தேடுங்கள். தோற்ற உயரமானால் −0.267°-இல், ஏனென்றால் 34 கலை ஏற்கெனவே கழிந்துவிட்டது, மிச்சம் சூரியனின் 16 கலை ஆரம் மட்டும். இரண்டாவது, உயர் அட்சங்களில் கோடையில் எல்லைக் கோணம் நள்ளிரவை ஒட்டி விழுந்தால் நேர்விகிதம் ஏமாற்றும். அங்கே சூரியனின் பாதை கீழே வளைந்து திரும்புகிறது. அந்த நேரத்துக்கு மட்டும் பட்டியலை 1 நிமிட இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள்.